கல்லூரி பேஸ்பால்: பிட்சரின் கையைக் கணக்கிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 மே 30ஆம் தேதி, ஆஸ்டின் நகரில், டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கும் பாஸ்டன் காலேஜுக்கும் நடந்த பேஸ்பால் ஆட்டம், வழக்கமான ஒன்பதைத் தாண்டி, 25 இன்னிங்ஸ் வரை நீண்டது. டெக்சஸின் கடைசிக்கட்ட பிட்சரான (பந்து வீசுபவரான) ஆஸ்டின் வுட், முந்தின நாளே பந்து வீசியிருந்தும், அன்று ஏழாவது இன்னிங்ஸில் களமிறங்கி 13 இன்னிங்ஸ்களில் 169 பந்துகளை வீசினார். அவருடைய உறுதி வியக்கத்தக்கதுதான். ஆயினும் அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது, அவரைத் தடுக்க ஒரு விதிகூட இல்லையே என்ற கவலைதான் எனக்கு முதலில் எழுகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ, பிட்சர் வீசும் பந்துகளுக்கு நாள் வரம்பு விதிப்பதில்லை. பொறுப்பு முழுவதும் பயிற்சியாளரையே சேர்கிறது.

தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலும் அமெரிக்காவின் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல், 19 முதல் 22 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 120 பந்துகளை உச்சமாக வைத்து, 81 முதல் 105 வரை வீசியவருக்கு நான்கு நாள் ஓய்வும் அதற்கு மேல் வீசியவருக்கு ஐந்து நாள் ஓய்வும் பரிந்துரைக்கிறது. இதைப் பின்பற்றும் அணிகளிலும் ஒரு பெரிய தவறு நடக்கிறது. ஆட்டத்தில் வீசிய பந்துகளை மட்டுமே ஏட்டில் எழுதுகிறார்கள். ஓய்ந்திருக்கும் பிட்சரை ஐந்தாவது இன்னிங்ஸில் எழுப்பி, புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் தயாராகும் இடத்தில்) இருபது பந்துகள் வீசச் செய்து, தேவைப்படவில்லை என்று உட்காரவைத்து, ஏழாவது இன்னிங்ஸில் மறுபடியும் எழுப்பினால், ஆட்டக் குறிப்பில் அவர் பெயரே இராது; ஆனால் அவருடைய தோளும் முழங்கையும் அன்று வேலை செய்திருக்கின்றன. மறுநாள் அவரைப் புதிய கை என்று நம்பி இறக்குவது கணக்குப் பிழை. ஒரே இன்னிங்ஸில் வீசிய 35 பந்துகளையும் மூன்று இன்னிங்ஸ்களில் இடைவிட்டு வீசிய 35 பந்துகளையும் சமமாக எண்ணுவதும் அத்தகையதே.

இன்னும் வீச முடியுமா என்று பிட்சரிடமே கேட்டு முடிவெடுப்பது அடுத்த தவறு. இருபது வயது இளைஞன் முடியும் என்றுதான் சொல்வான். அவனுடைய பந்துகளை வாங்கும் கேட்சரைக் கேட்பதே மேல். வேகம் குறைவதற்கு முன்பே வேறு அடையாளங்கள் தெரியும்: கேட்சர் கையுறையைத் தாழ்வாகக் காட்டியும் பந்து மேலேயே போகும், கை வரும் கோணம் இறங்கும், பக்கவாட்டில் வளைய வேண்டிய ஸ்லைடர் என்ற பந்து வளையாமல் மிதந்து வரும். முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்தால், 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், பிட்சர் டாமி ஜானுக்கு முதன்முதலில் செய்த அறுவைச் சிகிச்சைதான் பலருக்கும் வழி. அதிலிருந்து மீள ஓராண்டுக்கு மேல் ஆகும். நான்காண்டுக் கல்லூரி வாழ்வில் அது சிறிய காலமல்ல.

சூழலைக் கணக்கில் சேர்க்காதது தனித்த பிழை. கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எழுவதால் ஆடுகளத்தைப் படிக்கிறோம். பேஸ்பாலில் பந்து தரையைத் தொடாமலே 18.44 மீட்டரைக் கடப்பதால், காற்றையும் விரல்பிடியையும் பிட்சர் நிற்கும் மேட்டையும் படிக்க வேண்டும். ஆட்டப் பருவம் தொடங்கும் பிப்ரவரியில், குளிரில் விரல்கள் வறண்டு மரத்துப்போவதால், வளைந்து இறங்கும் பந்தான கர்வ்பாலின் பிடி வழுக்கும். அதைச் சரிக்கட்ட இறுக்கிப் பிடிப்பவர் முன்கையைக் களைப்பாக்குகிறார். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலுள்ள ஆல்புகர்க்கி நகரில் காற்று மெல்லியது. அங்கே வளையும் பந்துகள் குறைவாகவே வளையும். கர்வ்பாலையே நம்பும் பிட்சரை வழக்கமான திட்டத்துடன் அங்கே நிறுத்தினால், பந்துகள் வீணாகி எண்ணிக்கை ஏறும். மாறாக, கல்லூரிப் பட்டத்துக்கான இறுதிப்போட்டிகள் நடக்கும் ஒமாஹா நகர மைதானத்தில் 2013இலும் 2014இலும் தலா மூன்றே ஹோம் ரன்கள் அடிக்கப்பட்டன. காற்று உள்நோக்கி வீசும் அத்தகைய மைதானத்தில் பேட்டருக்கு அஞ்சி ஓரங்களிலேயே வீசி, நான்கு பந்துகளில் முடிய வேண்டியதை ஏழாக்கிக்கொள்வது தேவையற்றது.

மழையில் நனைந்த மேட்டில் முன்கால் ஊன்றும் இடம் குழிந்துபோனால், கால் வழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழப்பைக் கையே ஈடுசெய்கிறது. களிமண்ணை நிரப்பிச் சீராக்கும்வரை ஆட்டத்தைத் தொடர வற்புறுத்தக் கூடாது. ஒரு மணி நேரம் தடைப்பட்ட ஆட்டத்தில் பழைய பிட்சரையே மீண்டும் அனுப்புவதையும் தவிர்க்கலாம்.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று வார இறுதித் தொடர்களும் இடையில் செவ்வாய் அல்லது புதன்கிழமை ஆட்டமுமாக 56 ஆட்டங்கள் வரை ஓடும் பருவத்தில், மூன்று நல்ல கைகளையே நம்புவதன் விளைவு ஜூனில் வெளிப்படும். தேசியப் பட்டத்துக்கான போட்டியில், நான்கு அணிகள் மோதும் பிராந்தியச் சுற்று வெள்ளியன்று தொடங்கித் திங்கள்வரை நீளக்கூடும். வெள்ளியன்று நூறு பந்து வீசியவரைத் திங்களன்று அழைக்க நேர்ந்தால், நான்கு நாள் ஓய்வு இரண்டு நாளாகிவிடும். வார நடுவிலான ஆட்டங்களை முதலாண்டு மாணவர்களிடம் மார்ச் மாதமே ஒப்படைத்து, சில தோல்விகளைப் பொறுத்துக்கொண்ட அணிக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை மேட்டில் ஏற நான்காவது, ஐந்தாவது கை இருக்கும்.