முதுகில் ஒரு பேட்டரி: என் அனுபவம்

டிஸ்க் அறுவைசிகிச்சைக்கு அப்புறமும் இடுப்பிலிருந்து இடது கால்வரை எரிச்சல் ஓயவில்லை. மாத்திரை, பிசியோதெரபி, முதுகில் ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. நான்காம் வருடம்தான் வலி மருத்துவர் தண்டுவடத் தூண்டல் கருவியைப் பற்றிச் சொன்னார். பேட்டரியிலிருந்து கம்பி வழியாகத் தண்டுவடத்துக்கு மெல்லிய மின்துடிப்பு கொடுத்து வலியை மட்டுப்படுத்தும் கருவி அது.

முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. எக்ஸ்ரே பார்த்தபடி, இரண்டு மெல்லிய கம்பிகளைத் தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் செலுத்தினார்கள். பேட்டரி உடம்புக்கு வெளியே, இடுப்புப் பட்டையில். 7 நாள் சோதனை. வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவோம் என்றார்கள். எவ்வளவு நேரம் நின்றேன், இரவில் எத்தனை முறை விழித்தேன் என்று தினமும் நோட்டில் எழுதினேன். மூன்றாம் நாள் 40 நிமிடம் நின்று தோசை சுட்டேன். அழுகை வந்துவிட்டது.

பிறகு பேட்டரியைப் பிட்டத்துக்கு மேலே தோலுக்கடியில் வைத்தார்கள். 6 வாரம் குனியக்கூடாது, முறுக்கித் திரும்பக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கம்பி நகர்ந்துவிடும். நான் அவசரத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டேன். மின்துடிப்பால் காலில் இருந்த குறுகுறுப்பு விலாப்பக்கம் போய்விட்டது! நல்லவேளை, கம்பி கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. மின்துடிப்பு அமைப்பை மாற்றியே சரிசெய்தார்கள்.

வலி முழுதாகப் போகவில்லை. 10-க்கு 8 என்று இருந்தது இப்போது 3. எனக்கு அது போதும்.