முதல் ரேடியோ கான்டெஸ்ட்: எப்படி இறங்குவது, எந்தச் சண்டையில் எங்கே நிற்பது

கையில் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ், ஒரு 100 வாட் ரேடியோ, ஓரளவு உயரத்தில் ஆன்டெனாவாகக் கட்டிய டைபோல் கம்பி. குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை அதிக ஸ்டேஷன்களோடு பேசிப் புள்ளி சேர்க்கும் கான்டெஸ்டில் இறங்க இவ்வளவு போதும். அது பெரிய டவர் வைத்திருப்பவர்களின் ஆட்டம், நமக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்தே நிறைய பேர் ஒதுங்கிவிடுகிறார்கள், ஆனால் அந்தப் பெரிய ஸ்டேஷன்களுக்குத்தான் நீங்கள் ரொம்பத் தேவை. 48 மணி நேரக் கான்டெஸ்டில் சனிக்கிழமையே அவர்கள் ஒருவரையொருவர் பேசி முடித்துவிடுவார்கள். ஞாயிறு வந்தால் புது கால்சைன் (ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் உரிய அடையாளப் பெயர்) ஒன்று கிடைக்காதா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், அப்போது உங்கள் மெல்லிய சிக்னலையும் பொறுமையாகக் காது கொடுத்துப் பிடிப்பார்கள். அதனால் சின்ன ஸ்டேஷன்காரர்கள் சனிக்கிழமை கூட்டத்தில் தொண்டை வறளக் கத்தாமல், ஞாயிற்றுக்கிழமைக்குத் தெம்பை மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதில் தொடங்குவது? பெரும்பாலானவர்கள் சிக்யூ வேர்ல்ட் வைட் என்பார்கள். குரலுக்கு அக்டோபரின் கடைசி முழு வாரயிறுதி, மோர்ஸுக்கு நவம்பரின் கடைசி முழு வாரயிறுதி, சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற ரிப்போர்ட்டோடு, உலகைப் பிரித்திருக்கும் மண்டலங்களில் உங்களுடையதன் எண்ணைச் சொன்னால் போதும், உலகமே பேண்டில் (ஹாம்களுக்கான அலைவரிசைத் தொகுதியில்) இருக்கும். நான் சொல்வது சிக்யூ டபிள்யூபிஎக்ஸ். குரலுக்கு மார்ச், மோர்ஸுக்கு மே, அவையும் கடைசி முழு வாரயிறுதிகள்தான். அதில் மண்டலத்துக்குப் பதில் வரிசை எண் சொல்ல வேண்டும்: உங்கள் முதல் தொடர்புக்கு 1, அடுத்ததற்கு 2, இப்படியே. மண்டல எண்ணை கால்சைனைப் பார்த்ததுமே கம்ப்யூட்டர் தானாக நிரப்பிவிடும், பாதிப் பேர் அதைக் கேட்காமலே என்டர் தட்டுகிறார்கள். வரிசை எண்ணை எந்தக் கம்ப்யூட்டராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாது, காதால் கேட்டே ஆக வேண்டும். கான்டெஸ்ட் என்ற பெயரில் நாம் சோதிப்பது அந்தக் காதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சண்டைகளைப் பற்றிச் சொல்லும்போதும் இதையேதான் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன்.

மதிப்பெண் கணக்கைத் தொடங்கும் முன்பே புரிந்துகொள்ளுங்கள். வேர்ல்ட் வைடில் மற்ற கண்டத்து ஸ்டேஷனுக்கு 3 புள்ளி. அந்தப் புள்ளிகளின் கூட்டுத்தொகையை, ஒவ்வொரு பேண்டிலும் கிடைத்த நாடுகளும் மண்டலங்களும் சேர்ந்த எண்ணிக்கையால் பெருக்குவார்கள். அந்த எண்ணிக்கையில் சேரும் ஒவ்வொன்றும் ஒரு மல்டிபிளையர், பேச்சுவழக்கில் மல்ட். உங்களிடம் 300 புள்ளியும் 60 மல்ட்டும் இருந்தால் ஸ்கோர் 18,000. இன்னொரு சாதாரணத் தொடர்பு அதோடு 180 சேர்க்கும், ஆனால் அதே தொடர்பு புது நாடாக இருந்தால் 483 சேரும். அதற்காக ஒரு அரிய தீவுக்காரரை எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடும் கூட்டத்தில், அதாவது பைல்-அப்பில், அரை மணி நேரம் நிற்பதும் தப்பு, அந்த நேரத்தில் பேண்டைத் துழாவினால் நாலைந்து மல்ட்டாவது கையில் வந்திருக்கும். இரண்டு மூன்று தடவை கூப்பிடுங்கள், கிடைக்கவில்லையா, அந்த அலைவரிசையைக் குறித்துவைத்துவிட்டு நகருங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் கூட்டம் கலைந்திருக்கும்.

தயாரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தொடர்புகளை லாகில், அதாவது பதிவேட்டில், எழுதும் என்1எம்எம் லாகர் பிளஸ் மென்பொருள் இலவசம், அதை ரேடியோவோடு இணைத்து, கம்ப்யூட்டர் கடிகாரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்குச் சரியாக வையுங்கள். மைக் கெயினை மட்டும் தயவுசெய்து ஏற்றாதீர்கள். ரேடியோவில் குரல் அளவைக் காட்டும் ஏஎல்சி முள் எல்லை தாண்டிப் போனால் உங்கள் குரல் தெளிவாகாது, அகலமாகத்தான் ஆகும், பக்கத்து அலைவரிசையில் பேசுகிறவருக்குத்தான் அது தலைவலி. கேட்கும் பக்கத்தில் ஃபில்டரை 2 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் குறுக்கி, ஆர்எஃப் கெயினைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். இரைச்சல் அடங்கி சிக்னல் மேலே வரும், காதும் இரண்டு நாள் தாங்கும்.

சரி, இப்போது பேண்டில் இறங்கலாம். முதல் கான்டெஸ்டில் நீங்களாக சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிட வேண்டாம், தேடிப்போய்ப் பேசுவதே போதும். பேண்டின் ஒரு முனையில் தொடங்கி மெதுவாக நகருங்கள். ஒரு ஸ்டேஷன் காதில் விழுந்தால் முதலில் அதன் கால்சைனை நீங்களே முழுதாகக் கேட்க வேண்டும், அதற்குள் கூப்பிட்டுவிடக்கூடாது. அப்புறம் உங்கள் கால்சைனை மட்டும், ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ என்று எழுத்துக்கு ஒரு சொல்லாக, ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் கால்சைனை அவருக்கே சொல்லத் தேவையில்லை, அது அவருக்குத் தெரியும். அவர் வேறொருவரைக் கூப்பிட்டால் வாயை மூடிக்கொள்ளுங்கள், பாதி எழுத்து மட்டும் சொல்லிக் கேட்டார் என்றால் அந்த எழுத்துகள் உங்களுடையதாக இருந்தால் மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் கால்சைனை அவர் தப்பாகத் திருப்பிச் சொன்னால், எண்ணைக் கொடுக்கும் முன்பே திருத்துங்கள். சந்தேகம் இருந்தால் எகெய்ன் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம், அனுபவசாலிகள்தான் அதிகம் கேட்கிறார்கள்.

பேண்ட் விஷயத்தில் சூரியனோடு சேர்ந்து நடந்தால் போதும். பகலில் 10, 15, 20 மீட்டர், இருட்டியபின் 40, 80, சூரியன் உதிக்கும் மறையும் நேரத்தையொட்டி 40லும் 80லும் தொலைதூரம் திடீரென்று திறக்கும், அந்தக் கொஞ்ச நேரத்தைச் சாப்பாட்டுக்கோ தூக்கத்துக்கோ விட்டுவிடாதீர்கள். டபிள்யூபிஎக்ஸில் 40, 80, 160ல் பிடிக்கும் வேறு கண்டத்துத் தொடர்புக்கு 6 புள்ளி, மேல் பேண்டுகளில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. 30, 17, 12 மீட்டர் பேண்டுகளில் கான்டெஸ்ட் கிடையாது. 14.300 பக்கம் போக வேண்டாம், அது அவசரகாலத் தொடர்புக்கென ஒதுக்கி வைத்திருக்கும் அலைவரிசை.

வாரயிறுதியில் நிம்மதியாகப் பேச விடமாட்டேன் என்கிறார்கள் என்று கான்டெஸ்ட் ஆடாதவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. பெரிய கான்டெஸ்ட் நாளில் 20 மீட்டரில் ஊசி குத்தக்கூட இடம் இருக்காது. கான்டெஸ்ட் இல்லாத அந்த மூன்று பேண்டுகளைக் காட்டிச் சமாளித்துவிட்டுப் போவது மரியாதையில்லை. ஏற்கெனவே இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையில் சிக்யூ போடாதீர்கள், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் முதலில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாவற்றிலும் சூடான சண்டை உதவி பற்றியது. யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்பதை மற்றவர்கள் க்ளஸ்டர் என்ற இணையப் பலகையில் ஸ்பாட்டாக (குறிப்பாக) போடுவார்கள், அதைப் பார்த்து மவுஸைத் தட்டினால் ரேடியோ அங்கே போய் நிற்கும். 2008ல் சிடபிள்யூ ஸ்கிம்மர் வந்தபின் இதை மனிதர் செய்யக்கூடத் தேவையில்லை, பேண்ட் முழுக்க ஓடும் மோர்ஸை மென்பொருளே படித்து கால்சைன்களை வரிசையாகக் கொட்டிவிடும். வேர்ல்ட் வைடில் இப்படி உதவி பெறுபவர் தனிப் பிரிவு, ஐரோப்பாவோடு பேசும் டபிள்யூஏஇ போன்ற கான்டெஸ்டில் க்ளஸ்டர் எல்லோருக்கும் பொது. யார் திருட்டுத்தனமாகப் பார்க்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அதனால் பிரிவுகளை ஒன்றாக்கிவிடலாம் என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கண்டுபிடிக்கக் கஷ்டம் என்பதற்காக, காதை மட்டும் நம்பி ஆடுகிறவரின் இடத்தை ஏன் பறிக்க வேண்டும்? உங்களுக்கு என் பரிந்துரை: முதல் இரண்டு மூன்று கான்டெஸ்டை க்ளஸ்டரை மூடிவைத்து ஆடுங்கள், அப்புறம் விருப்பம் இருந்தால் திறந்து, அதற்குரிய பிரிவில் பெயர் கொடுங்கள். திறந்து ஆடினாலும் ஒன்று மறக்காதீர்கள்: ஸ்பாட்டில் தப்பான கால்சைன் இருந்தால் அதை நம்பிய அத்தனை பேரின் லாகிலும் அதே தப்பு இருக்கும். திரையில் என்ன எழுதியிருந்தாலும் அவர் வாயால் சொல்லும்வரை என்டர் தட்ட வேண்டாம். தன்னைத் தானே ஸ்பாட் போட்டுக்கொள்வது வேர்ல்ட் வைடில் தடை, வேறு சிலவற்றில் அனுமதி. ஒவ்வொரு முறையும் அந்தந்தக் கான்டெஸ்டின் விதியைப் படியுங்கள்.

சிக்னல் எப்படி இருந்தாலும் எல்லோருக்கும் 59, அதாவது தெளிவும் வலுவும் உச்சம், என்று ரிப்போர்ட் கொடுப்பது பொய்தானே என்ற கேள்வி பழையது. ஆமாம், அது வெறும் சடங்குதான். ஆனால் அதை ஒழிப்பதைவிட, அதன் பின்னால் சொல்லும் எண்ணை ஊகிக்க முடியாததாக வைப்பதுதான் உருப்படியான சீர்திருத்தம்.

கம்ப்யூட்டர் வழியே சின்னச் சின்னச் செய்திகளைப் பரிமாறும் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை 2017ல் வந்தது, வேகம் கூடிய எஃப்டி4 2019ல். அதே 2019ல் வேர்ல்ட் வைட் டிஜி கான்டெஸ்டும் தொடங்கியது. கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசுவது ஆட்டமா என்று கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, மாடியில் ஆன்டெனா கட்ட வழியில்லாத எத்தனையோ பேருக்கு அது மட்டும்தான் கதவு. அந்தக் கான்டெஸ்டின் விதியும் ஒவ்வொரு தொடர்பையும் மனிதரே தொடங்க வேண்டும் என்கிறது. தனிக் கான்டெஸ்ட், தனி ஸ்கோர் என்று இருக்கும்வரை யாருக்கும் நட்டமில்லை.

பவர் பிரிவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 100 வாட் பிரிவில் பெயர் கொடுத்தால் 100 வாட்.

முடிந்ததும் லாகை கேப்ரில்லோ என்ற கான்டெஸ்ட் கோப்பு வடிவத்தில் சேமித்து அனுப்புங்கள். வேர்ல்ட் வைடுக்கும் டபிள்யூபிஎக்ஸுக்கும் கெடு ஐந்தே நாள். முப்பது தொடர்புதான் இருக்கிறது என்றாலும் அனுப்புங்கள், மற்றவர்களின் லாகைச் சரிபார்க்க அது உதவும். லைசென்ஸ் எடுத்து மூன்று வருடத்துக்குள் என்றால் புதியவர்களுக்கான ரூக்கி பட்டியலையும் குறியுங்கள். ஒரே ஸ்டேஷனை இரண்டு தடவை பேசியிருந்தால் அந்த வரியை அழிக்காதீர்கள், அதற்கு அபராதம் இல்லை. கான்டெஸ்ட் முடிந்தபின் இணையத்தில் தேடியோ ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டோ கால்சைன்களைத் திருத்துவது விதிப்படி தப்பு, செய்யவே கூடாது. வேர்ல்ட் வைடில் தப்பாக எழுதிய ஒரு தொடர்பு நீக்கப்படுவதோடு அதன் புள்ளியைப் போல இரண்டு மடங்கும் கழியும், அதாவது ஒரு அவசர என்டர் இரண்டு நல்ல தொடர்புகளையும் சேர்த்து விழுங்கிவிடும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து லாக் சரிபார்ப்பு அறிக்கை வரும். அதில் எந்த எழுத்தை எதுவாகக் கேட்டீர்கள் என்று வரிசையாக இருக்கும். குரலில் பி-யும் டி-யும் குழம்புகிறதா, மோர்ஸில் எச்-சும் 5-உம் குழம்புகிறதா என்று பார்த்து, அடுத்த கான்டெஸ்ட் வரும்வரை அந்த ஜோடிகளை மட்டும் தினமும் பத்து நிமிடம் கேட்டுப் பழகுங்கள்.