வதக்குவதில் நாம் விடும் தவறுகள்

'வெங்காயம், தக்காளி வதக்கி' என்ற வரி இல்லாத குழம்புக் குறிப்பைப் பார்ப்பது அரிது. அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும் வேலையை மட்டும் யாரும் விரித்துச் சொல்வதில்லை.

வெயிலில் கீரை வதங்குகிறது, அலைச்சலில் முகம் வதங்குகிறது. அடுப்பிலும் அதேதான்: ஈரமுள்ள காயைக் கொஞ்சம் எண்ணெயில் புரட்டி, நீர் வற்றித் துவள விடுவது. ரவை, பருப்பு மாதிரி காய்ந்த பொருளை வறுப்போம். அப்பளத்தைப் பொரிப்போம். 'மல்லி விதையை வதக்குங்கள்' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. அதில் வதங்க என்ன இருக்கிறது?

பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் அவசரம். வெங்காயத்தில் ஏறத்தாழ 89 சதவீதம் தண்ணீர். அது வெளியேறும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டி வெங்காயத்துக்குள் ஏறாது, நிறமும் மாறாது. தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு பச்சையாகவே நிற்கும். மிதமான தீயில், ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வதக்கினால் நீர் சீக்கிரம் விடும். சட்டி நிறையக் கொட்டினால் வெங்காயம் வதங்காது, வேகும். அப்புறம், குறிப்பில் 'கண்ணாடி போல' என்றால் அங்கேயே நிறுத்துங்கள். 'பொன்னிறமாக' என்றால் இன்னும் நின்று கிளற வேண்டும். எல்லாக் குழம்புக்கும் ஒரே பதம் கிடையாது.

வெங்காயம் துவளும் முன்பே தக்காளியைப் போடுவது அடுத்த தவறு. தக்காளியின் புளிப்பு பட்டால் வெங்காயம் குழைவது தாமதமாகும். கடைசியில் குழம்பில் நறுக்கு நறுக்கென்று பல்லில் படும். இஞ்சி பூண்டு விழுது இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும், பச்சை வாசனை போனதும் தக்காளி. அதன் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்வரை மசாலாப் பொடியைத் தொடாதீர்கள்.

புதினாத் துவையலுக்கு இவ்வளவு பொறுமை வேண்டாம். இலை சுருண்டதும் இறக்கிவிடலாம், இல்லையென்றால் நிறம் கறுத்துவிடும்.

வெண்டைக்காய்க்கு மூடி போடவே கூடாது. ஆவி திரும்ப உள்ளேயே சொட்டி, கொழகொழப்பு நிற்கும். கழுவித் துடைத்த பிறகே நறுக்குங்கள். உப்பு கடைசியில்.