திமிங்கலங்களைப் பார்த்துப் பதறுவதை நிறுத்திய விதம்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில், ‘திமிங்கலம்’ எனப்படும் பெரும் கையிருப்பாளர் ஒருவரின் ஆயிரக்கணக்கான பிட்காயின்கள், அவற்றை வாங்கி விற்கும் தளமான ஓர் எக்ஸ்சேஞ்சுக்கு நகர்ந்ததாகக் கைப்பேசி அறிவித்ததும், விற்கத்தான் போகிறார் என்று பயந்து, கிண்டி வருவதற்குள் என் கையிருப்பு முழுவதையும் விற்றுவிட்டேன். மாலையில் விலை ஏறியிருந்தது. அந்த நகர்வு, ஒரே நிறுவனம் தன் வாலட்டுகளுக்கிடையே, அதாவது தன் சொந்தக் கணக்குகளுக்கிடையே, செய்த இடமாற்றமாகவும் இருந்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பேரேடான பிளாக்செயின், முகவரியைக் காட்டுமே தவிர, நோக்கத்தைக் காட்டாது. போதாக்குறைக்கு, 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு; ஒரு நாணயத்தில் கண்ட நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

அறிவிப்புகளை அணைத்தேன். விற்கத் தோன்றினால், காரணத்தை மளிகைக் கணக்கு நோட்டில் எழுதி, மறுநாள் காலைக் காபிக்குப் பிறகே படிக்கிறேன். சென்ற மாதம் எழுதிய நான்கில் மூன்றுக்கு, ‘எவனோ விற்கிறான்’ என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை, அவற்றை அடித்துவிட்டேன்.