கிளவுட் பாதி, சர்வர் பாதி: ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிமுனையில் தலைமை அலுவலகம், திருவொற்றியூரிலும் மணலியிலும் கன்டெய்னர் யார்டு, நாலைந்து பேர் பகல் முழுக்க லேப்டாப்போடு ராஜாஜி சாலை சுங்க மாளிகையிலேயே இருப்பார்கள். வடசென்னையில் கிளியரிங், சரக்குப் போக்குவரத்து செய்யும் அலுவலகங்கள் நிறைய இப்படித்தான், நான் சிஸ்டம் அட்மினாக இருக்கும் இடமும் அப்படியே. ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் லாகின் கணக்குகளையும் ஒரே இடத்தில் பதிந்து வைக்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைனும், அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு ஆப், அப்டேட் எல்லாம் அனுப்பும் கான்ஃபிகரேஷன் மேனேஜர் சர்வரும் எங்களிடம் பல வருடமாக உண்டு. வெளியே சுற்றும் லேப்டாப்புகளுக்காக, இணையம் வழியாகவே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மைக்ரோசாப்டின் கிளவுட் சேவையான இன்டியூனைச் சேர்த்தோம். ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டரை உள்ளூர் சர்வரும் கிளவுடும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குக் கோ-மேனேஜ்மென்ட் என்று பெயர், மைக்ரோசாப்ட் 2017இல் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த வேலை யார் கையில் என்று முடிவு செய்யாமல் இரண்டையும் ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம், நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இருப்பதிலேயே பெரிய தவறு, பழைய பாலிசியை (கம்ப்யூட்டருக்கு நாம் போடும் விதியை) அப்படியே விட்டுவிட்டு அதன் மேல் புதியதைப் போடுவது. கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அப்டேட், கம்ப்ளையன்ஸ் (மெஷின் விதிப்படி இருக்கிறதா என்ற சோதனை), ஆப், பாதுகாப்பு என ஒவ்வொரு வேலைக்கும் தனி ஸ்லைடர் இருக்கிறது. வேலை சர்வரிடமே இருக்கலாம், பைலட்டாகச் சில கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் இன்டியூனுக்குப் போகலாம், அல்லது முழுதாகப் போகலாம். நாங்கள் விண்டோஸ் அப்டேட் ஸ்லைடரை இன்டியூன் பக்கம் தள்ளி, எந்த மெஷினுக்கு அப்டேட் எப்போது என்று சொல்லும் அப்டேட் ரிங்கும் போட்டுவிட்டு, முடிந்தது என்று இருந்துவிட்டோம். சில வாரம் கழித்துப் பார்த்தால் யார்டு கம்ப்யூட்டர்கள் பழைய பேட்ச்சிலேயே நிற்கின்றன. காரணம், எப்போதோ யாரோ போட்ட ஒரு குரூப் பாலிசி, அதாவது ஆக்டிவ் டைரக்டரி வழியாக மெஷின்களுக்குப் போகும் விதி. அப்டேட்டை ஆபீஸுக்குள்ளேயே கொடுக்கும் உள்ளூர் டபிள்யூஎஸ்யூஎஸ் சர்வரிடம்தான் அப்டேட் கேட்க வேண்டும், இணையத்தில் இருக்கும் விண்டோஸ் அப்டேட் பக்கம் போகவே கூடாது என்று அதில் இருந்தது. இன்டியூன் வெளியே போய் எடுக்கச் சொல்கிறது, குரூப் பாலிசி போகாதே என்கிறது, சர்வரோ தன் பொறுப்பு முடிந்ததென்று கொடுப்பதை நிறுத்திவிட்டது. மெஷினுக்கு எந்தப் பக்கமிருந்தும் ஒன்றும் வரவில்லை.

இதற்குப் பலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். குரூப் பாலிசியோடு மோதினால் எம்டிஎம் (இன்டியூன் போன்ற நிர்வாகச் சேவை) சொல்வதே செல்லும் என்று ஒரு செட்டிங் இருக்கிறதே, அதை ஆன் செய்தால் போதும் என்பார்கள். போதாது. அது பாலிசி சிஎஸ்பி என்ற தொகுப்பில் உள்ளவற்றுக்கு மட்டும்தான், அதிலும் விண்டோஸ் அப்டேட் பாலிசிகளுக்கு அது பொருந்தாது. பழைய குரூப் பாலிசியை அந்தக் கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்தே ஆக வேண்டும், எடுத்த பிறகு விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பழைய சர்வர் முகவரி போய்விட்டதா என்று இரண்டு மூன்று மெஷினில் நேராகவே பாருங்கள். பைலட்டுக்கு ஐடி டீமின் சொந்த மெஷின்களை மட்டும் எடுக்காதீர்கள், அதில் எல்லாமே சரியாகத்தான் ஓடும். யார்டிலிருந்து நாலு, வெளியே சுற்றும் லேப்டாப் இரண்டு கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம் அவசரம். புதிய குரூப் பாலிசி இருக்கிறதா என்று மெஷின் 90 நிமிடத்துக்கு ஒரு முறைதான் கேட்கும், அதற்கு மேல் 30 நிமிடம் வரை கூடுதலாகவும் ஆகலாம். கான்ஃபிகரேஷன் மேனேஜர் வழக்கமாக 60 நிமிடம். இன்டியூனில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மெஷின் சுமார் 8 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் வந்து கேட்கும். காலையில் போட்டது ஒரு மணி நேரத்தில் வரவில்லையென்று அதே செட்டிங்கை வேறு மதிப்போடு இன்னொரு பாலிசியாகப் போட்டால், சாயங்காலம் இரண்டும் மோதி நிற்கும். உடனே வேண்டுமென்றால் மெஷினை அப்போதே வந்து கேட்கச் சொல்லி சிங்க் கொடுங்கள், புதிய பாலிசி வேண்டாம்.

டொமைனில் சேர்த்தால் கிளவுடிலும் தானாகப் பதிவாகிவிடும் என்று நம்புவதும் தவறுதான். உள்ளூர் டைரக்டரியில் இருப்பதை மைக்ரோசாப்டின் கிளவுட் டைரக்டரியான என்ட்ராவுக்குக் கொண்டுபோகும் என்ட்ரா கனெக்ட் 30 நிமிடத்துக்கு ஒரு முறை சிங்க் செய்யும், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த ஓயூக்களை (டைரக்டரிக்குள் இருக்கும் பிரிவுகளை) மட்டும். புதிய யார்டுக்கு ஒரு ஓயூ உருவாக்கி, அதைச் சிங்க்கில் சேர்க்க மறந்தால், அங்கிருக்கும் ஒரு மெஷினும் கிளவுடுக்குத் தெரியாது. மெஷினில் டிஎஸ்ரெக்சிஎம்டி கட்டளையை ஸ்டேட்டஸ் கேட்டு (dsregcmd /status) ஓட்டிப் பாருங்கள், டொமைன் ஜாயின், அஷூர் ஏடி (என்ட்ராவின் பழைய பெயர்) ஜாயின் இரண்டுக்கும் எஸ் என்று வர வேண்டும். பதிவான மெஷினின் டிஸ்க்கைக் குளோன் எடுத்து மற்றவற்றில் போடவே போடாதீர்கள், அந்த மெஷினின் கிளவுட் அடையாளமும் சேர்ந்து காப்பியாகிவிடும்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துக்காரர்கள் தள்ளிப்போடவே கூடாதது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, திருவொற்றியூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது, கரண்ட் இல்லை. சர்வர் அறையில் கரண்ட் போனால் வீட்டில் இருக்கும் லேப்டாப்புக்கு என்ன ஆகும் என்று இப்போதே யோசியுங்கள். பாஸ்-த்ரூ ஆதென்டிகேஷன் வைத்திருந்தால் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ஏஜென்ட் உங்கள் சர்வரில்தான் ஓடுகிறது, அது விழுந்தால் கிளவுடில் இருக்கும் மெயிலுக்குக்கூடப் புதிதாக லாகின் செய்ய முடியாது. பாஸ்வேர்டின் ஹாஷை (குறியாக மாற்றிய வடிவத்தை) கிளவுடில் வைத்து அங்கேயே சரிபார்க்கும் பாஸ்வேர்ட் ஹாஷ் சிங்க்கை வெறுமனே ஆன் செய்து வைத்தாலும், ஏஜென்ட் விழும்போது லாகின் தானாக அதற்குக் கைமாறாது, நாம்தான் மாற்ற வேண்டும், அதனால் அதையே முதன்மை வழியாக வைத்துக்கொள்வது நல்லது. டொமைனைச் சாராத, கிளவுடிலேயே உருவாக்கிய அட்மின் கணக்கு குறைந்தது இரண்டு வேண்டும். விபிஎன் இல்லாமல் லேப்டாப்புகளை எட்டுவதற்குக் கிளவுட் மேனேஜ்மென்ட் கேட்வே உதவும், ஆனால் அதன் இணைப்புப் பகுதி உள்ளூர் சர்வரில் இருப்பதால் கரண்ட் போனால் அதுவும் நிற்கும். அதற்கொரு சர்டிஃபிகேட் உண்டு. காலாவதி தேதியை இருவர் காலண்டரிலாவது குறித்து வையுங்கள்.

யார்டுகளில் இணைய லைன் சின்னது என்றால் டெலிவரி ஆப்டிமைசேஷனைக் கவனியுங்கள். ஒரு மெஷின் இறக்கியதைப் பக்கத்து மெஷின் வாங்கிக்கொள்ளும், ஒவ்வொன்றும் தனியாக இறக்க வேண்டியதில்லை.

கடைசியாகப் பழைய மெஷின்களை லிஸ்டிலிருந்து நீக்குவது. பல மாதமாக வராத பதிவுகளை ஒரு நாள் மொத்தமாக டெலீட் செய்தோம். அதில் ஒன்று, நீண்ட விடுப்பில் போன ஓர் அக்கவுன்டன்ட் அக்காவின் லேப்டாப். திரும்பி வந்து ஆன் செய்ததும் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. கீ என்ட்ராவில் அந்தப் பதிவோடுதான் இருந்தது, பதிவு போனபோது கீயும் போய்விட்டது. அவர் அதில் வைத்திருந்த கணக்கு ஃபைல்களைத் திரும்ப எடுக்க முடியவில்லை, இன்றைக்கும் அவரைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஹைப்ரிட் மெஷின் (டொமைன், கிளவுட் இரண்டிலும் பதிவானது) என்றால் முதலில் உள்ளூர் ஆக்டிவ் டைரக்டரியில் டிசேபிள் செய்யுங்கள், சிங்க் ஆகட்டும், ஒரு மாதமாவது விட்டு வையுங்கள். எந்த மெஷினின் கீ உள்ளூர் டைரக்டரியில், எது கிளவுடில் என்று பாருங்கள். கீயைத் தனியாகப் பாதுகாப்பான இடத்தில் வைத்துவிட்டு, மெஷினை வைத்திருந்தவரிடம் ஒரு போன் செய்து கேட்ட பிறகு டெலீட் செய்யுங்கள்.