பட்டியலில் அம்மாவையும் எழுதுங்கள்: மாணவர் தொழில்முயற்சியின் உண்மையான பலத்தைக் கண்டுபிடிக்கும் முறை

பண்டாரவளைப் பக்கம் சிறு வியாபாரங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். படித்துக்கொண்டே தொழில் தொடங்கும் நம் பிள்ளைகள் வார இறுதியில் வந்து உட்காருவார்கள். தேயிலைத்தூள் பக்கட், எல்ல நகர்ப் பக்கம் வரும் வெளிநாட்டவருக்கு நடைப்பயணம், வெலிமடை மரக்கறி என்று ஆளுக்கொரு திட்டம். எல்லோரிடமும் முதலில் நான் சொல்வது ஒன்றுதான்: "உங்ககிட்ட இருக்கிறதையெல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க." எழுதித் தரும் தாளில் மடிகணினி இருக்கும், பேஸ்புக் பக்கம் இருக்கும், போட்டியில் வென்ற பரிசுப் பணம் இருக்கும். அம்மா இருக்கமாட்டார்.

எதை எழுதுவது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஜே பார்னி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1991இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வளங்களை மூன்றாகப் பிரித்தார்: பௌதிகம், மனிதம், ஒழுங்கமைப்பு. தாளில் மூன்று நிரல் போடுங்கள். முதல் நிரலில் இயந்திரம், பணம், இடம். இரண்டாவதில் ஆட்களின் அறிவு, அனுபவம், கைப்பழக்கம். மூன்றாவதில் நீங்கள் வேலைசெய்யும் முறை, வெளியாட்களோடு உள்ள உறவு, நம்பிக்கை. மலையகப் பிள்ளைகளுக்கு முதல் நிரல் சீக்கிரம் காலியாகிவிடும். மற்ற இரண்டையும் விடுதி அறையில் இருந்து நிரப்ப முடியாது. வீட்டுக்குப் போய், "நம்மள தேடி வந்து ஆளுங்க என்ன கேப்பாங்க?" என்று கேட்டு எழுத வேண்டும்.

பசறைப் பக்கத்து ஒரு குழு தூள் வாங்கி, 100 கிராம் பக்கட்டாக ஒன்லைனில் விற்கிறது. அவர்கள் தாளில் முதல் இடம் பக்கட்டின் வடிவமைப்புக்கு. தூளை யார் தெரிவுசெய்கிறார்கள் என்று கேட்டேன். "அத அம்மா பாத்துக்குவாங்க அக்கா" என்றாள் அந்தத் தங்கச்சி, வேறு பேச்சுக்குப் போகும் அவசரத்தில். அம்மா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கிற பகுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். நான் போயிருந்த அன்று மூன்று மாதிரிகள் வந்திருந்தன. வெள்ளைத் தாளில் பரப்பி, காம்பையும் நாரையும் விரல் நுனியால் ஒதுக்கினார். ஒரு பிடியை உள்ளங்கையில் பொத்தி, வாயருகே கொண்டுபோய்ச் சூடாக ஊதி, உடனே முகர்ந்தார். இரண்டாவதைத் தள்ளிவைத்து, "இது ஈரத்துல கெடந்த தூளு, ரெண்டு மாசம் தாங்காது" என்றார். ஊற்றிப் பார்த்தோம். சாயம் இருந்தது, வாசம் இல்லை.

இனி தாளில் உள்ள ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகளால் சலிக்க வேண்டும்.

முதலாவது, இதற்குப் பெறுமதி உண்டா? நண்பர்கள் புகழ்ந்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாம் தடவை காசு கொடுத்து வாங்கியவர் வட்ஸ்அப்பில் என்ன எழுதினார் என்று பாருங்கள். அவர் சொன்ன காரணத்தோடு தொடர்பில்லாத வளத்தை வெட்டிவிடலாம்.

இரண்டாவது, இது அரிதா? இதற்குக் கடைக்குப் போக வேண்டும். டவுனில் தேயிலை அடுக்கியிருக்கும் தட்டின் முன்னால் கொப்பியோடு நின்று, ஒவ்வொரு பக்கட்டும் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். பலர் பெருமையாக முதலில் எழுதும் சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுக்க இலங்கைத் தேயிலையாக, இலங்கையிலேயே பொதி செய்து, விதிகளுக்கு உட்படும் எவரும் விண்ணப்பிக்கலாம். அது பெறுமதியானது, ஆனால் அரிதில்லை. 'உயர்நிலத் தேயிலை' என்ற சொல்லும் அப்படியே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும்போது நம் ஊவா மாகாணக் கொழுந்தில் கூடும் அந்த மணம், மெதைல் சாலிசிலேட் என்ற வேதிப்பொருள் தரும் வாசம், வேறு மாதங்களில் அப்படி வராது. ஆனால் அந்தத் தூளும் 1883இலிருந்து நடக்கும் கொழும்புத் தேயிலை ஏலத்துக்குத்தான் பெரும்பாலும் போகிறது, காசுள்ளவர் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே அந்தப் பருவத்தில் உங்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவைக்கும் ஸ்டோர் ஒன்று இருந்தால், அந்த ஏற்பாட்டை வளமாக எழுதுங்கள்.

மூன்றாவது கேள்வியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 50 இலட்சம் ரூபாயோடு கொழும்புக் கம்பனி ஒன்று நாளை வந்தால், இதை எவ்வளவு நாளில் செய்துவிடும்? பக்கட் வடிவமைப்பை ஒரு வாரத்தில் செய்துவிடும். பேஸ்புக் பக்கத்தை விளம்பரத்துக்குக் காசு கட்டித் தாண்டிவிடும். சரி, அம்மாவின் மூக்கு? இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். கொழும்பில் தொழில்முறைச் சுவைஞர்கள் இருக்கிறார்கள். தூளைப் பார்ப்பதில் அவர்கள் அம்மாவுக்குக் குறைந்தவர்கள் இல்லை. மூக்கு மட்டும் என்றால், அது மற்ற மாணவர் குழுக்களிடம் இல்லாதது, அவ்வளவுதான். ஆனால் எந்த ஸ்டோரில் எந்த மாதத்துத் தூள் நன்றாக வரும், அங்கே யாரிடம் கேட்டால் உண்மை சொல்வார்கள் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். கூட வேலைசெய்த பழக்கத்தில் அவருக்கு மாதிரி அனுப்புகிறார்கள். இதைக் காசு கொடுத்து அவசரத்தில் வாங்க முடியாது. நீண்டகால வரலாறு, ஆட்களுக்கு இடையிலான பிணைப்பு, வெற்றிக்குக் காரணம் எதுவென்று வெளியாளுக்குப் புலப்படாமை: போலச் செய்வது கடினமாவதற்குப் பார்னி சொல்லும் காரணங்கள் இவைதான். மூன்றும் இங்கே பொருந்துகின்றன.

நான்காவது, இதைப் பயன்படுத்தும் ஒழுங்கு உங்களிடம் உண்டா? நம் ஊரில் இதோடு இன்னொன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்: இது யாருடையது? 1970களில் அரசுடைமையான தோட்டங்களில் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் போனது. பெருந்தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு. நீங்கள் பொதி செய்யும் லய அறைக்கு (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு) வீட்டில் காணி உறுதிப் பத்திரம் இல்லை. நடைப்பயணக் குழு நம்பியிருக்கும் கொழுந்து மலைப் பாதையை நிர்வாகம் நாளைக்கே மறிக்கலாம். எழுத்தில் அனுமதி கிடைக்கும்வரை இவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பல்கலைக்கழக ஆய்வுகூடமும் பென்சில்தான், பட்டம் முடிந்ததும் கதவு மூடிவிடும். குழுவில் ஒருவருக்கு அரச வேலை கிடைத்துப் போனால் எது அவரோடு போகும் என்றும் குறியுங்கள். பெயரை மட்டும் உடைமையாக்கலாம்: தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிந்தால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

அம்மாவின் அறிவும் அம்மாவுடையதுதான். மகள் என்பதற்காக அதை இலவசமாக எடுப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. தோட்டத்துப் பெண்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டு மற்றவர்கள் சம்பாதித்தது போதும். பார்க்கும் மாதிரிக்கு இவ்வளவு என்று பணம் கொடுங்கள், அல்லது பங்காளியாக்குங்கள்.

நான்கு கேள்விக்கும் விடை எழுதியதும் நிலை தெரியும். பெறுமதி மட்டும் இருந்தால் மற்றவர்களோடு சமமாக நிற்கிறீர்கள். அரிதாகவும் இருந்தால் தற்காலிக அனுகூலம். போலச் செய்யவும் கடினமாக இருந்து, ஒழுங்கும் இருந்தால்தான் நிலைக்கும் போட்டி அனுகூலம். முழுத் தாளில் ஒன்றோ இரண்டோதான் அந்த இடத்துக்கு வரும். குறைகிறதே என்று மதிப்பெண்ணைக் கூட்டிப் போடாதீர்கள். அடுத்த பத்தாயிரம் ரூபாயை எங்கே போடுவது என்று தெரியத்தான் இவ்வளவும்.

பசறைக் குழு புதிய லேபலுக்கு வைத்திருந்த பணத்தை நிறுத்திவைத்தது. இப்போது ஒவ்வொரு மாதிரிக்கும் திகதி, ஸ்டோர், அம்மா சொன்ன குறை என்று கொப்பியில் ஏறுகிறது. மகளும் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து ஊதி முகர்ந்து பழகுகிறார்கள். உங்களுடையதும் பருவத் தூள் என்றால், ஒதுக்கித் தருவதாகச் சொன்ன ஸ்டோரிடம் அளவையும் விலையையும் மே மாதமே கடிதத்தில் வாங்குங்கள். கச்சான் தொடங்கிய பிறகு கேட்டால் தூள் கொழும்புக்கு ஏறியிருக்கும்.