சோலாருக்கு விண்ணப்பிக்கும் முன் பழைய கரண்ட் பில்லை எடுங்கள்

பாளையங்கோட்டையில் இ-சேவை மையம் நடத்துகிறேன். வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களில் பலர், "78,000 ரூபாய் மானியமாம்லா, 3 கிலோவாட்டுக்குப் போட்டுருங்க" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். நான் முதலில் கேட்பது கடைசி ஒரு வருடத்து மின்கட்டணக் கணக்கை.

மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000. 3 கிலோவாட்டுக்கும், அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும், 78,000. அதாவது மூன்றாவது கிலோவாட்டுக்குக் கிடைப்பது 18,000 மட்டும். அது தேவையா என்பதைப் பில்தான் சொல்லும்.

இரண்டு மாதத்தில் 560 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் கட்டணத்தில் கணக்குப் போடுகிறேன். பிறகு விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் படிகள் அப்படியேதான். முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டிவிட்டதால் 101 முதல் 200 வரைக்கான 2.25 ரூபாய் சலுகை விலை போய்விடும். 400 வரை 4.50, 500 வரை 6, மீதி 60 யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 2,430.

1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. பில்லில் 320 யூனிட்தான் நிற்கும், கட்ட வேண்டியது 765. முதல் கிலோவாட்டிலேயே 1,665 ரூபாய் மிச்சம். இரண்டாவது கிலோவாட் போட்டால் 80 யூனிட், அது இலவசத்துக்குள் அடங்கிவிடும். கூடுதல் மிச்சம் 765. மூன்றாவது போட்டால்? மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும், அவ்வளவுதான். இரண்டு ஏசி ஓடும் வீடு என்றால் கதை வேறு, அங்கே 3 கிலோவாட் சரி. 180 யூனிட்டோடு நிற்கிற வீட்டுக்கு நான் விண்ணப்பமே போட வேண்டாம் என்பேன். மாநில அரசு ஏற்கெனவே விலையைக் குறைத்துக் கொடுத்திருக்கும் இடத்தில், டெல்லி மானியத்தால் மிச்சமாக என்ன இருக்கிறது?

அளவு முடிவானதும் மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். காலமான அப்பா பேரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுத்தான் தேசிய இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மொட்டை மாடியில் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தென்னை ஓலை விழுகிற பக்கம் ஆகாது.

அப்புறம் பேனல். தளத்தில் பதிவான நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். பேனலுக்குள் மின்சாரத்தை உண்டாக்கும் துண்டுதான் செல். இந்தியாவில் செய்த செல், இந்தியாவில் செய்த பேனல் இரண்டும் இருந்தால்தான் மானியம். விலை குறைவாகச் சொல்கிறவரிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள். இறக்குமதி செல் மலிவு, ஆனால் பணம் வராது. உள்நாட்டுத் தொழிற்சாலைகளை வளர்க்கத்தான் இந்த நிபந்தனை. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் ஆலை செல்லும் பேனலும் செய்கிறது, ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் திறன். வீட்டு மாடிக்கான மானியத்தில் ஒரு பகுதி அப்படிச் சுற்றி நம் மாவட்ட வேலையாகவும் மாறுகிறது. எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது, விலை கொஞ்சம் கூடினாலும்.

உள்நாட்டுத் தயாரிப்புச் சான்றும், ஐந்து வருடப் பராமரிப்பும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். பேனல் வரிசை எண்களைப் படம் எடுத்து வையுங்கள்.

மானியம் முன்கூட்டி வராது. முழுத் தொகையை நீங்கள் கட்டி, அல்லது வங்கிக் கடன் வாங்கி, நெட் மீட்டர் (வீடு எடுக்கும் மின்சாரம், வெளியே அனுப்பும் மின்சாரம் இரண்டையும் கணக்கெடுக்கும் மீட்டர்) மாட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் தளத்தில் வங்கி விவரம் கேட்கும். ரத்து செய்த காசோலையில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.